புழு சட்டை உரிப்பது எதனால்?

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் மிளகாய்ச் செடியில் புழு சட்டை உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்டபத்துக் கரையில் நண்டு ஓட்டைக் கழற்றுவதும் அதே கதைதான். இரண்டுக்கும் காரணம் ஒரே இன ஹார்மோன், எக்டைசோன் என்பார்கள். 1954-ல் ஜெர்மனியில் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம்!

இது ஸ்டீராய்டு வகை. கொலஸ்டிராலைப் போலவே கரி அணுக்கள் நாலு வளையமாகக் கோர்த்திருக்கும், ஒரு வாலும் உண்டு. புழுவுக்குக் கொலஸ்டிராலைத் தானாகச் செய்யத் தெரியாது. தின்கிற இலையிலிருந்துதான் அதற்கு மூலப்பொருள். வாலில் 20-ஆம் கரி அணுவில் ஒரு ஹைட்ராக்சில் ஏறினால்தான் வீரியம் முழுசாக வரும். கரி அணுவை எண்ணியும் வகை பிரிக்கிறார்கள்: எக்டைசோனில் 27, தேனீயிடம் உள்ள மாக்கிஸ்டிரோனில் 28. செடிகளிலும் இந்த இனம் உண்டு, நம் வேலியோர நாயுருவியிலேகூட.

வேம்பிலுள்ள அசாடிராக்டின் இந்தச் சுரப்பைக் கெடுக்கிறது. புழு உடனே சாகாது. சட்டை கழற்ற முடியாமல் திணறும். ‘மருந்து பிடிக்கலையே’ என்று மறுநாளே விஷத்தைத் தேடி ஓடாதீர்கள். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளை இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். புழு சிறுசாக, காய்க்குள் புகுமுன் அடிக்கணும். உள்ளே போய்விட்டால் எந்தத் தெளிப்பும் எட்டாது.