கரி அடுப்பு: விற்கும் நாமும் தெரிந்திருக்க வேண்டியவை

மார்கழி பிறந்துவிட்டால் "அடுப்புக்கரி இருக்கிறதா?" என்று கேட்டு வருகிறவர்கள் நம் மளிகைக் கடைகளில் இன்றும் உண்டு. இஸ்திரி போடுகிறவர்களும், டீக்கடைக்காரர்களும், கைக்குழந்தைக்குச் சாம்பிராணி போடும் வீட்டாரும் பழைய வாடிக்கை. இவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை. ஊட்டி, கொடைக்கானல் போகிற வழியில் இரண்டு கிலோ கட்டித் தரச் சொல்கிறவர்களும், மொட்டை மாடியில் கறி சுட நினைக்கும் இளைஞர்களும் புதிதாக வருகிறார்கள். இவர்கள் வீட்டில் கேஸ் அடுப்பை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். குமுட்டி அடுப்பை எப்படிப் போடுவது, எப்படிக் காப்பது என்பதைப் பாட்டியிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். பொட்டலத்தைக் கொடுத்துக் காசை வாங்கிக் கல்லாவில் போடும்போது இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புவது நம் கடமை என்று கருதுவதால் இதை எழுதுகிறோம்.

முதலில் சரக்கைப் பார்ப்போம். நம் பக்கம் வரும் கரியில் பெரும்பகுதி இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எரித்து எடுப்பது. விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றை ஒடுக்கி வேகவைக்கிறார்கள். ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு போய்விடுகிறது. ஆனால் எரியும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 7,000 கிலோகலோரி வெப்பம் தருகிறது. விறகு தருவதில் ஏறக்குறைய இரண்டு பங்கு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த 'லெகோ' கட்டிகளை விறகுத் தொட்டிகளில் வாங்கி எரித்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த உற்பத்தி நின்று வெகு நாளாயிற்று. இப்போது மரக்கரியும் கொட்டாங்கச்சிக் கரியும்தான்.

நல்ல கரியை இரண்டு துண்டாகத் தட்டினால் கணீரென்று ஓசை வரும். உடைத்த முகம் பளபளக்கும். பழுப்பு நிறம் தெரிந்தால் அது பாதி வெந்தது. அடுப்பில் போட்டவுடன் புகையும். ஈரக்கரி இன்னும் மோசம். வெடித்துத் தீப்பொறி தெறிக்கும், சேலையில் பொத்தல் விழும், வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். ஒரு மழைக்காலத்தில் நாங்கள் வாங்கிய மூட்டைகள் கனமாகத் தோன்றவே, பிரித்து மூன்று நாள் வெயிலில் உலர்த்தி மறுபடி நிறுத்தோம். மூட்டைக்கு ஐந்தாறு கிலோ குறைந்தது. தண்ணீரைக் கரி விலைக்கு வாங்கியிருந்தோம்! அன்று முதல் கை விட்டுப் பார்க்காமல் மூட்டை இறக்குவதில்லை.

இனி அடுப்புக்கு வருவோம். பழைய சாம்பலைத் தட்டி, கம்பித் தட்டின் சந்துகள் தெரியும்படி சுத்தம் செய்ய வேண்டும். அடுப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று வருகிற புகாரில் பெரும்பாலானவை இந்தச் சாம்பலால்தான். கரி எலுமிச்சம்பழ அளவில் இருந்தால் போதும். பெரிய கட்டியை உடைத்துக்கொள்ளலாம், தூளைச் சலித்து விலக்க வேண்டும். தூள் காற்று வழியை அடைத்துவிடும். அடியில் தேங்காய் நாரும் உடைத்த கொட்டாங்கச்சியும் வைத்துப் பற்றவைத்து, சிறு துண்டுகளை மேலே பரப்பி, அவை சிவந்த பிறகு மற்றதைப் போடுவது பழைய முறை. பற்றிய அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது கூடவே கூடாது. விசிறியைக் கீழ்வாயில் வீச வேண்டும். மேலிருந்து விசிறினால் சாம்பல்தான் பறக்கும். தணல் மேல் வெண்ணீறு படரத் தொடங்கியதும் பாத்திரம் ஏற்றலாம். பாத்திரத்தின் அடிக்கும் தணலுக்கும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

சமையல் நடுவே கரி தீர்ந்தால் புதுக்கரியை மொத்தமாக மேலே கொட்டுகிறார்கள். தணல் அமுங்கிப் போகிறது. இடுக்கியால் தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வெப்பம் குறைய வேண்டுமானால் கீழ்வாயைப் பாதி மூடினால் போதும். வேலை முடிந்ததும் மிச்சத் தணலை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து இறுக மூடினால், காற்றின்றி அணைந்து அந்தக் கரி மறுநாளைக்கு ஆகும். தண்ணீர் ஊற்றி அணைத்தால் கரியும் வீண், சூட்டில் மண் அடுப்பும் விரிந்துவிடும்.

சிக்கனமாக எரிப்பது எல்லாம் காற்றைக் குறைப்பதில் இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கீழே நன்றாக எரியும் கரியிலிருந்து கிளம்பும் வாயு, மேலுள்ள செந்தணலைக் கடந்து வரும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக மாறுகிறது. புதுத் தணல் மேல் நீல நிறத்தில் சிறு சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாயு எரிவதுதான் அது. காற்றைக் குறைத்தாலோ, சாம்பலைப் போட்டு மூடினாலோ சுடர் அணையும். வாயு எரியாமல் அறைக்குள் கலக்கும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. புகை வராத அடுப்பாயிற்றே என்று குளிருக்காகக் கதவைச் சாத்தி, அடுப்பைக் கட்டிலருகே வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை மலைவாசத் தலங்களிலிருந்து நாளிதழ்களில் படித்திருக்கிறோம். அந்தக் கரியும் யாரோ ஒருவர் கடையில் எடை போட்டுக் கொடுத்ததுதான்.

ஆகவே கரி கேட்கிறவரிடம் "எங்கே வைத்து எரிக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அறைக்குள் என்றாலோ, கூடாரத்துக்குள் என்றாலோ வேண்டாம் என்று சொல்லுங்கள். சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதாதா என்பார்கள், போதாது. சமையல் முடிந்த அடுப்பு ஆறிவிட்டதாகத் தோன்றும், உள்ளே நீறுபூத்த தணல் மணிக்கணக்கில் இருக்கும். அதையும் உள்ளே கொண்டு போகக் கூடாது. சாம்பிராணிக்கு ஒன்றிரண்டு துண்டு, கதவு திறந்தபடி, சில நிமிடம். பிறகு தூபக்காலை வெளியே வைத்துவிட வேண்டும். ஓர் அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் உணவுக் கோளாறு என்று படுத்துக்கொள்ளாமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழைக்க வேண்டும். பிராணவாயு கொடுப்பதுதான் வைத்தியம்; அது மருத்துவமனையில்தான் ஆகும்.

நம் கிடங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூட்டத்திலிருந்து புதிதாக வரும் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கங்கு இருக்கலாம். கங்கு இல்லாவிட்டாலும் புதுக்கரி காற்றை உறிஞ்சித் தானே சூடேறும் இயல்புடையது. நெருக்கி அடுக்கினால் அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது. வந்த மூட்டைகளை ஒன்றிரண்டு நாள் வெளியில், ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிறுத்தி, மாலையில் ஒவ்வொரு மூட்டையிலும் கை வைத்துப் பாருங்கள். சூடு தெரிகிற மூட்டையைத் தரையில் கொட்டிப் பரப்ப வேண்டும். கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின் இருக்கும் அறையில் கரி வேண்டாம். தரை ஈரம் ஏறாமல் பலகை மேல் அடுக்கி, சுவரை விட்டு ஓர் அடி தள்ளி வைத்தால் மூட்டைக்குப் பின்னாலும் கையை விட்டுப் பார்க்கலாம்.