முட்டத்துச் சிங்கி இறால்

அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளிலிருந்து விடுமுறையில் கன்னியாகுமரி செல்லும் நம் குடும்பங்கள், சூரியோதயத்தையும் விவேகானந்தர் பாறையையும் கண்டபின் இரயிலேறி விடுகின்றன. நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முட்டத்தையும் அவர்கள் பார்த்துவர வேண்டுமென விரும்புகிறோம்.

செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், அலை மோதும் கரும்பாறைகள், சகல புனிதர்கள் ஆலயம்: 1981-இல் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' திரைப்படத்தால் பலரும் அறிந்த காட்சிகள்தாம். ஆனால் இக்கரையின் பெருமை சினிமாவினால் வந்ததன்று. 1544-இல் புனித சவேரியார் இத்தென்திருவிதாங்கூர்க் கடலோரத்தில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் அளித்தார். அவர்களுடைய வழித்தோன்றல்களே இன்றும் இக்கடலில் வலை வீசுகின்றனர்.

முட்டம், கடியபட்டணம், குளச்சல் கரைகள் சிங்கி இறாலுக்குப் பெயர்பெற்றவை. நண்டைப் போன்ற கொடுக்கு இதற்கில்லை. நீண்ட மீசையும் முள் நிறைந்த ஓடுமே காவல். பகலில் பாறையிடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் சிப்பி தேடி வெளிவரும். ஆகவே முன்னோர் பனைமட்டை நார் முதலியவற்றால் கூடு பின்னி, சிப்பிச் சதையை இரையாக வைத்துப் பாறையோரம் இறக்கினர். 1950-களில் வால்பகுதியை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியபின் விலை ஏறியது. பின்னர் உயிருடனும் விமானமேறியது. பிடித்தவர் வீட்டுச் சட்டியில் மட்டும் அது அரிதாயிற்று!

விலை ஏறவே, கூட்டின் இடத்தை வலை பிடித்துக்கொண்டது. இங்குதான் நமக்குக் கவலை. கூட்டில் அகப்பட்டது ஊனமின்றி இருக்கும். குஞ்சையும் சினை இறாலையும் திரும்பக் கடலில் விடலாம். வலையிலோ காலும் மீசையும் சிக்கி ஒடிகின்றன. ஒரு தாய் இறால் வயிற்றடியில் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது. பொரித்த குஞ்சுகள் பல மாதங்கள் ஆழ்கடலில் மிதந்து, பெரும்பாலும் அழிந்து, மிகச் சிலவே கரைப்பாறைக்குத் திரும்புகின்றன. இம்முக்கிய இனத்தில் 200 கிராமுக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யலாகாதென 2003-இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆயினும் கப்பலேறாத சிற்றிறால் உள்ளூர் உணவகத்தில் வறுபடுமானால் அவ்வாணையால் என்ன பயன்? மீனவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. கேட்பவர் இருப்பதால்தான் விற்பவரும் இருக்கிறார்.

எனவே கரையில் வாங்கும் தாய்மார்கள் இறாலை மல்லாத்திப் பார்க்கட்டும். வாலின் அடியில் செம்மஞ்சள் மணிகள் திரண்டிருந்தால் அது சினை இறால், வேண்டாமென்று சொல்லிவிடலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால் வரத்து மிகுதி. ஞாயிறன்று இம்மக்கள் கடலுக்குச் செல்வதில்லை. அன்று போவோருக்கு இறால் கிட்டாது, திருப்பலி கிட்டும்.