முதலில் அனுப்பியவர் யார்?

தனியுரிமையும் கருத்துச் சுதந்திரமும் ஒன்றையொன்று நெருக்கும் உரிமைகள் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இந்தியச் சட்ட வரலாற்றில் அவை இரண்டும் ஒரே வழக்கில், அதுவும் ஒரு தமிழ் வார இதழ் தொடுத்த வழக்கில், சேர்ந்தே வலுப்பெற்றன. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாறு உயரதிகாரிகளுடன் அவருக்கிருந்த தொடர்பைப் பேசியதால், அதை வெளியிடக் கூடாதென்று சிறைத்துறை எச்சரித்தபோது, 'நக்கீரன்' ஆசிரியர் ஆர்.ராஜகோபால் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, தனிமனிதரின் அந்தரங்கத்தில் பிறர் தலையிடாதிருக்கும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. அத்துடன், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட எவருடைய இசைவும் வேண்டியதில்லை என்றும், அவதூறு நேருமென்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றும் அறுதியிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக உறுதிசெய்தது.

இணையத்தில் இவ்விரு உரிமைகளையும் ஒருசேரத் தாங்கி நிற்பது, எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் எனப்படும் இருமுனை மறையாக்கம். இம்முறையில் அனுப்புபவரின் கைபேசியிலேயே செய்தி பூட்டப்பட்டுவிடுகிறது. அதைத் திறக்கும் சாவி பெறுபவரின் கைபேசியில் மட்டுமே இருப்பதால், இடையிலுள்ள நிறுவனத்தின் சர்வர் வழியே கடந்து செல்வது பொருள் விளங்காத எழுத்துக் குவியல்தான். யார் யாருடன் எப்போது தொடர்புகொண்டார் என்ற விவரம் நிறுவனத்துக்குத் தெரியக்கூடும் என்பதையும் மறந்துவிடலாகாது. காக்கப்படுவது உள்ளடக்கம் மட்டுமே. ஆயினும், மேலதிகாரியின் ஊழலைச் செய்தியாளரிடம் தெரிவிக்க விரும்பும் கடைநிலை ஊழியருக்கு அந்த அளவு பாதுகாப்பே வாய் திறக்கும் துணிவைத் தருகிறது.

இந்த ஏற்பாட்டைக் குலைக்கக்கூடிய விதியொன்று 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில் உள்ளது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர்களைக் கொண்ட செய்திப் பரிமாற்றச் செயலிகள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால், ஒரு தகவலை முதலில் அனுப்பியவரைக் காட்டித்தர வேண்டும் என்கிறது 4(2)-ஆம் விதி. இதன் முன்கதையில் சென்னைக்கும் பங்குண்டு: சமூக ஊடகக் கணக்குகளுடன் ஆதாரை இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனுக்களின் விசாரணைதான், படிப்படியாக, வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தைக் கண்டறிய இயலுமா என்ற கேள்வியாக விரிந்தது; செய்தியோடு அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்தனுப்பலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் வி.காமகோடி அங்கே யோசனை கூறினார்.

அக்கேள்வி வெறும் அதிகார வேட்கையில் பிறந்ததென்று சொல்வது நேர்மையாகாது. குழந்தை கடத்தும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் வதந்திகள் பரவிய 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததால் சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அத்தகைய கொடுமையைத் தடுக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எதைக் கொண்டு தடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது.

எந்தச் செய்தி நாளை விசாரணைக்கு வரும் என்று இன்று யாராலும் அறிய முடியாது. எனவே ஒரு குற்றவாளியைக் காட்டித்தர வேண்டுமானால், கோடிக்கணக்கானோரின் ஒவ்வொரு செய்தியிலும், நலம் விசாரிப்பிலும் மருத்துவ அறிக்கையிலும்கூட, அனுப்பியவரின் தடம் பதிந்தாக வேண்டும். மேலும், மூலச் செய்தி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே மூலவராகக் கருதப்படுவார் என்கிறது அவ்விதி. சிங்கப்பூர் உறவினர் அனுப்பிய காணொளியைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தவர், அதை உருவாக்கியவருக்குரிய பொறுப்பைச் சுமக்க நேரலாம். உண்மையான விஷமியோ, வேறோரிடத்திலிருந்து படத்தை எடுத்துப் புதிதாக அனுப்புவது போன்ற எளிய உத்தியால் தப்பிவிடக் கூடும். இதற்கு மாறாக, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்த ஏற்பாடு, எவருடைய செய்தியையும் திறக்காமலே வதந்தியின் வேகத்துக்குக் கடிவாளமிட முயன்றது. 4(2)-ஆம் விதியை எதிர்த்து 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்ற வாட்ஸ்அப், மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் இயங்க முடியாது என்று 2024 ஏப்ரலில் தன் வழக்கறிஞர் மூலம் தெரிவித்தது.

ஒருபுறம் குடிமக்களின் தனியுரிமையைச் சுருக்க முனையும் அரசு, மறுபுறம் அதே தனியுரிமையின் பெயரால் கேள்விகளைத் தடுக்கவும் வழிசெய்திருப்பது கவலைக்குரியது. 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)-ஆம் பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலாயினும் பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அப்பிரிவிலேயே இருந்த வாசகத்தை நீக்கிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தகவலை வெளியிட இடமளிக்கும் 8(2)-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறதே என்பது அரசின் விடை; ஆனால் மறுப்பதற்கான காரணம் ஒரே வரியில் எளிதாகிவிட்ட நிலையில், ஓர் அதிகாரியின் சொத்து விவரத்தையோ பணிநியமன ஆவணத்தையோ கேட்கும் மனுதாரர், பொதுநலனை மெய்ப்பிக்க மேல்முறையீடு மேல்முறையீடாக அலைய வேண்டியிருக்கும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2018, 2019 வரைவுகளில் இதழியல் பணிக்கெனத் தனி விலக்கு இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை; அதை மீண்டும் சேர்க்க நாடாளுமன்றத்துக்குத் தடை ஏதும் இல்லை.