தொட்டியைத் தூக்கினால் இடுப்பு ஏன் பிடிக்கிறது?

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் அடுக்குமாடிகளில் தோட்டம் என்றால் பெரும்பாலும் ஜன்னல் கம்பிக்குள் நிற்கும் தொட்டிகள்தான். துளசி, கறிவேப்பிலை, இடமிருந்தால் ஒரு செம்பருத்தி. தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவின் மண்தொட்டி காலியாக இருந்தாலே கனம். மழைக்காலத்தில் மண் நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதைக் குனிந்து இழுக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

ஏன்? முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல வட்டுகள் இருக்கின்றன. 1999-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், ஒருவரின் கீழ்முதுகு வட்டுக்குள் சிறு அழுத்தமானியைச் செருகி அளந்தார்கள். சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை மார்போடு அணைத்து நின்றபோது வெறும் 1.1. ஒரே ஆளிடம் எடுத்த அளவுதான்; ஆனாலும் இயற்பியல் அதையே சொல்கிறது. சுமை உடலைவிட்டு விலக விலக, அதை ஈடுகட்ட முதுகுத் தசைகள் பல மடங்கு இழுக்க வேண்டும். அந்த இழுப்பும் வட்டின் மேல்தான் இறங்கும்.

இன்னொன்று, நேரம். இரவில் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்ததும் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். ஆகவே விடிந்ததும் பூவாளி எடுக்கலாம், தொட்டியை நகர்த்துவது காபிக்குப் பிறகு, ஒரு மணி நேரம் கழித்து.

கம்பிக்குள் கையை நீட்டித் திருகித் தூக்காதீர்கள்; முதலில் தொட்டியை விளிம்புக்கு இழுங்கள். பெரிய தொட்டிக்குச் சக்கரப் பலகை போடுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ தைலம் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.