அக்கரை ஆய்வும் நம் வீட்டுக் குழந்தையும்

ஜொகூர் பாரு பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதன் மறுமுனையில், 2009-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்றும் தொடர்கிறது. பெயர் கஸ்டோ. சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் அதில் சேர்ந்தார்கள். வயிற்றில் இருந்தபோதே பின்தொடரப்பட்ட அவர்களின் பிள்ளைகள் இன்று பதின்ம வயதினர். குழந்தை மூளையைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தைகளிடமிருந்து வந்தது. கஸ்டோவில் இருப்பவர்களோ சீனர், மலாய்க்காரர், இந்தியர். நம் தாமானில் அடுத்தடுத்த வீடுகளில் வசிப்பவர்களைப் போன்றவர்கள்.

பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத சிசுவின் மூளையை எப்படிப் படமெடுப்பது? எம்ஆர்ஐ கருவி தடதடவென்று இரைச்சல் போடும். கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அதனால் சிசுவுக்குப் பாலூட்டி, துணியில் சுற்றி, காதை மூடி, அது தானாகத் தூங்கும்வரை காத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த படங்களிலிருந்து 2013-இல் ஒரு முடிவு வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு மிகுந்திருந்த தாய்மாரின் சிசுக்களுக்கு, அச்சத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலா என்ற பகுதி அளவில் மாறவில்லை. ஆனால் வலப்பக்க அமிக்டலாவின் நுண்ணமைப்பு வேறுபட்டிருந்தது. இதை வைத்து எந்தத் தாயையும் குறை சொல்லக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சியின் மனத்தைக் கவனிப்பதும் பிள்ளையைக் கவனிப்பதுதான் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அடுத்தது திரை. 2023-இல் வெளியான கட்டுரை 437 பிள்ளைகளைப் பற்றியது. ஒரு வயதில் எவ்வளவு நேரம் திரை பார்த்தார்கள் என்று பெற்றோரிடம் கேட்டார்கள். ஒன்றரை வயதில் தலையில் மின்முனைத் தொப்பி மாட்டி மூளை அலைகளைப் பதிந்தார்கள். ஒன்பது வயதில் கவனத்தையும் தன்னடக்கத்தையும் சோதித்தார்கள். திரை நேரம் கூடியவர்களிடம் விரைவான அலைகளைவிட மெதுவான அலைகள் ஓங்கியிருந்தன. விழிப்பு மந்தமாக இருக்கும்போது தோன்றும் அமைப்பு இது. ஒன்பது வயதுச் சோதனைகளிலும் அவர்கள் பின்தங்கினார்கள். திரைதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் எட்டு ஆண்டு இடைவெளியைத் தாண்டி நீளும் தொடர்பைத் தள்ளிவிட முடியாது.

என்னை மிகவும் நெகிழ வைத்தது 2024-இல் வந்த முடிவு. சிசுப் பருவத்தில் அதிகம் திரை பார்த்த பிள்ளைகளின் மூளையில், உணர்ச்சியைக் கையாளும் வலைப்பின்னல்கள் வளர்ந்த விதம் மாறியிருந்தது. ஆனால் மூன்று வயதில் பெற்றோர் அடிக்கடி கதை வாசித்துக் காட்டிய பிள்ளைகளிடம் திரைக்கும் அந்த மாற்றத்துக்கும் உள்ள தொடர்பு வெகுவாகத் தளர்ந்திருந்தது. கதை சொல்லும்போது பிள்ளை குறுக்கே கேள்வி கேட்கும், நாம் பதில் சொல்வோம், அதன் முகம் பார்த்துக் குரலை மாற்றுவோம். முதல் சில ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிணைப்புகள் உருவாகின்றன என்கிறார்கள். இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலில்தான் அவை உறுதிப்படுகின்றன. பிள்ளையின் முகம் பார்த்துப் பதில் சொல்லக் காணொளிக்குத் தெரியாது.

இருட்டிலேயே எழுந்து பாலம் கடக்கும் தாய் தகப்பன் நம் ஊரில் ஏராளம். பிள்ளை பாட்டியிடம், பாட்டி சமையலில், பிள்ளை கையில் கைப்பேசி. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே பாட்டியிடம் தமிழில் சொல்லத் தோட்டத்துக் கதைகள் நிறைய இருக்கின்றன. வெங்காயம் உரித்தபடியே சொல்லலாம். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், அதற்குமேல் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி.

திரையைத் தாண்டி, பிள்ளையின் வளர்ச்சியைக் கவனிக்க இன்னொரு வழியும் நம் கையில் உண்டு. கிளினிக் கெசிஹாத்தானில் தரும் குழந்தை நலப் பதிவேட்டில், ஒன்றரை வயதில் நிரப்ப வேண்டிய எம்-சாட் கேள்விப் பட்டியல் இருக்கிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டுகொள்வதற்கான பட்டியல் அது. நீங்கள் கைகாட்டும் பொருளைப் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா என்பது அதிலுள்ள ஒரு கேள்வி. பலர் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுவிடுகிறார்கள். ‘இல்லை’ என்பது உண்மையானால் அதையே எழுதி, மிஸ்ஸியிடம் வாய்விட்டும் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியோ மற்ற உதவியோ தேவைப்பட்டால், இரண்டு வயதில் தொடங்குவதற்கும் ஐந்து வயதில் தொடங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.