ஒரு பெயர், இரு நோய்கள்

வெயில் மிகுந்த வன்னியில் தாகம் எவருக்கும் புதுமையன்று. ஆயினும், ஓயாது நீர் கேட்டு, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்து, நன்றாக உண்டும் நாளுக்கு நாள் மெலியும் பிள்ளையின் தாகத்தை வெயிலின்மேல் ஏற்றிவிடுதல் ஆபத்தாகும். அது முதலாம் வகை நீரிழிவாக இருக்கலாம்.

சலரோகமென்றும் சீனி வருத்தமென்றும் நாம் கூறுவது உண்மையில் ஒரே நோயன்று. இதனை முன்னோரும் ஓரளவு உணர்ந்திருந்தனர். பிறவியோடு வருவது, பொருந்தா உணவால் வருவது எனச் சுசுருத சங்கிதை இதனை இருவகைப்படுத்துகின்றது. பின்னர் 1936 ஆம் ஆண்டில் ஹரோல்ட் ஹிம்ஸ்வர்த் என்னும் ஆங்கில வைத்தியர், இன்சுலினுக்கு எளிதில் இணங்கும் நோயாளரும் இணங்காத நோயாளரும் உளர் எனக் காட்டினார்.

வேறுபாடு யாது? நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகிக் குருதியிற் கலக்கின்றது. அது உடலுக்குப் பயன்பட இன்சுலின் வேண்டும். அதனைச் சுரப்பது இரைப்பையின் பின்னாலுள்ள சதையி. முதலாம் வகையில், உடலின் காவற்படையே சதையியின் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றது. பெரும்பாலும் சிறுவரையும் இளைஞரையும் பற்றும் இந்நோய், சில வாரங்களிலேயே வெளிப்பட்டுவிடும். இது சீனி தின்றதனால் வருவதன்று. பெற்றோர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டாம் வகையிலோ இன்சுலின் உண்டு. உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகின்றது. குடும்பவழியும், வயிற்றுப் பருமனும், உடலுழைப்புக் குறைவும் இதற்குத் துணை. வயலுக்கு நடந்தவர் மோட்டார் சைக்கிளிற் செல்லும் இக்காலத்தில் இது பெருகுவதில் வியப்பில்லை. ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி ஒளிந்திருத்தலும் உண்டு.

ஆகவே, ஒருவருக்குரிய புத்திமதி மற்றவருக்குத் தீங்காகலாம். இரண்டாம் வகையினருக்கு உணவளவும் நடையும் மாத்திரையும் பல்லாண்டு போதுமாயிருக்கலாம். குரக்கன் பிட்டாயினும் அளவு வேண்டும். முதலாம் வகைப் பிள்ளைக்கோ இன்சுலின் ஊசியே உயிர். பாவற்காய்ச் சாறும் பரிகாரியாரின் குடிநீரும் அதன் இடத்தை நிரப்பமாட்டா. காய்ச்சல் கண்டு உணவு குறைந்த நாளிலும் ஊசியை நிறுத்தலாகாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதமிருக்க விரும்புவோர் முன்னரே வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

2009 மே மாதத்தில் முடிவுற்ற போர்க்காலத்தில், மின்சாரமின்றி, மருந்து வரத்தும் கட்டுப்படுத்தப்பட்டிருந்த கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில், இம்மருந்தைப் பெறுவதும் பேணுவதும் எத்துணை அரிதாயிருந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். இன்று திறவாத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில், உறைந்துவிடாத தட்டில் வைக்கலாம். திறந்த குப்பியை நிழலான குளிர்ந்த இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் பயன்படுத்தலாம். பெட்டியில்லாத வீட்டில், ஈரமணல் சூழ்ந்த மண்பானையினுள் நனையாது வைத்தல் நன்று.

பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, மூச்சிற் பழவாசனை ஆகியன தோன்றின், பூச்சி வருத்தமென்று பொழுது போக்காதீர்கள். இரவாயினும் அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, சீனி பார்க்கும்படி கேளுங்கள். விரல்நுனியில் எடுக்கும் ஒரு துளிக் குருதி சில நொடிகளில் விடை கூறும். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் வாழும் தாய்மார் இவ்வொன்றை அறிந்திருப்பின், காக்கப்படக்கூடிய ஓர் உயிரும் வீணே போகாது.