மஞ்சளும் மண்ணின் பகையும்

காயத்தை ஆற்றும் மஞ்சளின் குணத்துக்கு அமெரிக்காவில் 1995-ல் வழங்கப்பட்ட காப்புரிமை, நமது விஞ்ஞானிகளின் ஆட்சேபத்தின்பேரில் 1997-ல் ரத்தாயிற்று. பெருமைக்குரிய வெற்றியே அது. ஆயினும் மஞ்சளுக்கு நம் மண்ணிலேயே ஒரு பகை உண்டென்பதை நாம் மறத்தலாகாது.

கிழங்கழுகல் என்பது அதன் பெயர். பூஞ்சணத்தை ஒத்த 'பித்தியம்' என்னும் நுண்ணுயிரே அதற்குக் காரணம். இலையின் ஓரம் காயும். தண்டின் அடி நீர் கோத்து நெகிழும். பின்னர் வேரும் கிழங்கும் அழுகும். ஈரோட்டுக் குடியானவன் பல மாதம் பட்ட பாடு சில வாரங்களில் பாழாகும். இஞ்சியையும் இவ்வினமே கெடுக்கின்றது.

மஞ்சள் கிழங்கினாலேயே பயிராவதால், நோயுற்ற விதைக்கிழங்குடன் பிணியும் ஊர்விட்டு ஊர் செல்லுகிறது. பாயும் நீரோடு அண்டை வயலையும் அடைகிறது. ஆகவே இஃது ஒருவனுடைய கஷ்டம் மட்டுமன்று.

பரிகாரம் அரிதன்று. நோயற்ற கிழங்கைத் தேர்ந்து, லிட்டருக்கு 3 கிராம் வீதம் மான்கோசெப் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடவேண்டும். நீர் தேங்கலாகாது. நோய் கண்ட நிலத்தில் மறு வருஷமே மஞ்சளும் இஞ்சியும் கூடா.

ஆனால் மேல் வயலான் கவனியாவிடில் கீழ் வயலான் முயற்சி என்னாகும்? ஊரார் கூடி வடிகால் வெட்டவேண்டும். சுத்தமான விதைக்கிழங்கைச் சர்க்கார் நியாய விலைக்கு வழங்கவேண்டும். நிஜாமாபாத்தில் 2025-ல் துவங்கப்பெற்ற தேசிய மஞ்சள் வாரியம் இதனைத் தன் முதற் கடமையாகக் கொள்ளுக. அயலார் கொண்ட உரிமையை மீட்ட தேசம், தன் மண்ணில் அழுகும் கிழங்கைக் கைவிடலாமா?